நான் சொன்ன பாஸ், அவர்கள் எழுதிய பஸ்

எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் எனக்குப் பாஸ் இல்லை. மற்றப் பாடங்களிலும் நான் பெரிதாக வெட்டி விழுத்தவில்லை. ஆனாலும் ஆங்கில வாத்தியார்தான் முன்வரிசை வாங்குப் பிள்ளைகள் சிரிக்கத்தக்கதாக, "உனக்கும் பாஸுக்கும் இந்தச் சென்மத்திலை சரிவராதடா" என்று சொன்னார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் மறந்திருப்பார். அந்தப் பேச்சு என் பின்னால் ஜேர்மனிவரை வந்தது.

பாஸ் என்பது ஆங்கிலச் சொல் என்று எங்களுக்கு ஒருநாளும் பட்டதில்லை. சோதனையில் பாஸ். பந்தடிக்கும்போது "பாஸ் பண்ணடா" என்று கத்துவோம். ஆசுப்பத்திரியில் தாதி மிஸ்ஸி கட்டிலடிக்கு வந்து, "ஐயா, சலம் பாஸ் பண்ணினதோ?" என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்பா. தந்தியில் அந்தச் சொல்லோடு "அவே" என்று இன்னுமொரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு சாவுச் செய்தி வந்தால், வாசிக்கத் தெரியாத பெண்களும் தந்திக்காரனின் முகத்தைப் பார்த்தே தலையில் அடித்துக்கொள்ளுவார்கள். ஒரே சொல்லுக்குள் இத்தனை இருக்கிறதே என்று நின்று யோசிக்க எங்களுக்கு ஒரு தேவையும் வரவில்லை. இடத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, விளங்கிக்கொண்டோம்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு இன்னொரு கருத்தும் வந்து சேர்ந்தது. ஊரடங்குப் பாஸ்.

நான் வாடகை வான் வண்டி ஓடியவன். எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுக்கு நோவு கண்டால் என் வீட்டு வாசலில்தான் வந்து கூப்பிடுவார்கள். ஊரடங்கு போட்ட நாட்களிலும் பிள்ளைகள் பிறக்காமல் இருக்கவில்லை. ஆசுப்பத்திரி டாக்குத்தர் ஆமி முகாமில் இருந்த பெரியவனோடு கதைத்து, எனக்கு ஒரு பாஸ் எடுத்துத் தந்தார். உள்ளங்கை அகல மட்டை. அதில் என் பெயர், வானின் இலக்கம், முகாமின் முத்திரை, ஒரு கையெழுத்து. தவணை முடிந்தால் போய்ப் புதுப்பிக்க வேண்டும். வானில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அதைச் செருகி வைத்திருந்தேன். காவலில் மறித்தால் முதலில் பிள்ளையாரைத் தொடுவேன், பிறகு பாஸை உருவுவேன். விட்டுவிடுவார்கள்.

பிறகு முகாமில் ஆட்கள் மாறினார்கள். ஒருநாள் ஒரு பெண்ணை ஆசுப்பத்திரியில் இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பி வருகிறேன், புதிதாக வந்தவர்கள் மறித்தார்கள். பாஸைக் காட்டினேன். வாங்கியவன் அதைப் படிக்கவே இல்லை. நாலாகக் கிழித்து என் முகத்தில் எறிந்தான். துவக்கின் பிடங்கால் அடித்ததில் இரண்டு பல்லுப் போனது. வானைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கும் தேடி வந்தார்கள். நான் இயக்கத்துப் பெடியளை ஏற்றி இறக்கியவன் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் மனைவி அழவில்லை. "நீங்கள் உயிரோடை எங்கையெண்டாலும் இருங்கோ, நாங்கள் பின்னாலை வருவம்" என்றா. எங்களுக்கு ஒரே ஒரு மகள். அப்போது பள்ளிக்கூடம் தொடங்கிய வயது. "வெளிநாட்டிலை அகதிக் கேஸ் சரிவந்த உடனை உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடுவன்" என்று கையடித்துச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன்.

கொழும்பில் ஏஜென்சிக்காரன் பாஸ்போட் எடுத்துத் தந்தான். கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்குக்கு வந்து, அங்கிருந்து பகுத்து அனுப்பிய இடம் ஹம் என்ற நகரம். ஒரு பழைய கட்டடத்தை அகதிகளின் விடுதியாக்கியிருந்தார்கள். ஹைம் என்று சொல்லுவார்கள். எனக்குக் கிடைத்த அறையில் இன்னொருவர் இருந்தார். என்னைவிட இளையவர், எனக்கு முன்னமே வந்து கொஞ்சம் டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, பிடித்தவர். நாக்குக் கூர்மையானவர். என் கட்டில் தலைமாட்டில் நான் பிள்ளையார் படம் வைத்து விளக்கேற்றினால், "அண்ணை, ஹைம் பத்தினால் உங்கடை பிள்ளையார்தான் காரணம்" என்பார். ஆனால் நெருப்புப்பெட்டி முடிந்தால் அவர்தான் வாங்கி வருவார்.

குளிர் தொடங்கியபோது பக்கத்துத் தேவாலயத்தில் பழைய உடுப்புக் கொடுத்தார்கள். அங்கே இருந்த வயதான அம்மா ஒருவர் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டைப் போட்டுவிட்டு, தோளை இழுத்துப் பார்த்து, "பஸ்ட்?" என்று கேட்டார். பஸ்ஸில் வந்தாயா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "நைன் பஸ், நைன் பஸ்" என்று சொல்லி, இரண்டு விரலையும் மேசையில் நடக்கவிட்டு, நடந்து வந்தேன் என்று காட்டினேன். அவர் கோட்டைக் கழற்றி இன்னும் பெரிய கோட்டைப் போட்டுவிட்டார். திரும்பவும், "பஸ்ட்?" நான் திரும்பவும் விரலை நடக்கவிட்டேன். கடைசியில் என்னைப்போல் இரண்டு ஆள் புகக்கூடிய கோட்டோடு நான் ஹைமுக்கு வந்தேன்.

அறைக்காரர் கட்டிலில் உருண்டு சிரித்தார். "அண்ணை, அளவாயிருக்கோ எண்டு கேட்டிருக்கிறா. பஸ்ட் எண்டால் அளவு. நீங்கள் அளவில்லை அளவில்லை எண்டு சொல்லியிருக்கிறியள்!"

"அப்ப பஸ் எண்டால்?"

"பஸ் எண்டால் பாஸ்போட். இங்கிலீசிலை பாஸ் எண்டு எழுதுற அதே எழுத்துத்தான். இவங்கள் பஸ் எண்டு குறுக்கிப்போட்டாங்கள். பொல்லாத சொல்லண்ணை, கவனம்."

நானும் சிரித்தேன். அந்தக் கோட்டை அதற்குப் பிறகு எத்தனையோ மாரிக்குப் போட்டேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு பகிடி, அவ்வளவுதான்.

விசாரணைக்கு டெர்மின் வந்தது, வரச்சொல்லித் திகதி குறித்த கடிதம். ஹைமில் இருந்தவர்களுக்கு அதுதான் சோதனை. யார் என்ன சொல்லவேண்டும், எந்த ஊரில் எந்தச் சம்பவத்தைச் சேர்க்கவேண்டும் என்று அறைக்காரர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பாடமாக்கவும் வைப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணை, பிள்ளைத்தாய்ச்சியை ஏத்தி இறக்கினனான் எண்டால் ஆருக்கு என்ன? இயக்கத்துக்குச் சாமான் ஏத்தினனான் எண்டு சொல்லுங்கோ. தம்பியைச் சுட்டவை எண்டு சொல்லுங்கோ."

"எனக்குத் தம்பி இல்லை."

"அது ஆருக்குத் தெரியும்?"

"படத்துக்கு விளக்கு வைக்கிறவன் நான். நடந்ததுதான் வாயிலை வரும். மற்றது வராது."

"அப்ப அந்தப் பிள்ளையாரே வந்து உங்களுக்கு மொழிபெயர்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பிள்ளையார் வரவில்லை. மொழிபெயர்க்க வந்தவர் இந்தியாவிலிருந்து இஞ்சினியரிங் படிக்க ஸ்டுட்கார்ட் வந்திருந்த ஒரு தம்பி. மெலிந்த ஆள், நல்ல மரியாதை, வெள்ளைச் சேட்டு. தமிழ் கேட்டவுடனே எனக்கு அரைவாசிப் பயம் போய்விட்டது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் அதிகாரி. கோபமான ஆள் என்று சொல்லமாட்டேன். நான் சொல்லச்சொல்ல, தம்பி டொச்சில் சொல்ல, அதிகாரி ஒரு பெட்டிக்குள் பேசிப் பதிந்தார்.

"ராணுவத்தோட உங்களுக்கு என்ன பிரச்சினை அண்ணே? முதல்லேருந்து சொல்லுங்க."

"முதலிலை பிரச்சினை இல்லைத் தம்பி. அவையள்தான் எனக்குப் பாஸ் தந்தவை."

"ராணுவமே குடுத்தாங்களா?"

"ஓம்."

தம்பி சிரித்தார். "நெத்தியைப் பார்த்தாலே பக்திமான்னு தெரியுது. ஆமான்னா ஆமான்னே சொல்லுங்க அண்ணே, நீங்க ஓம்னு சொன்னா எனக்கு ஏதோ பூசை நடக்கிற மாதிரி இருக்கு."

நானும் சிரித்தேன். "ஆமா" என்று சொன்னேன். தம்பி அதிகாரியின் பக்கம் திரும்பிப் பேசினார். அந்தப் பேச்சுக்குள் "பஸ்" என்று ஒரு சொல் ஓடியது என் காதில் விழுந்தது. நான் நீட்டிச் சொன்னதை அவர் குறுக்கிச் சொல்லுகிறார், இந்த ஊர் உச்சரிப்பு அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

"கேட்டவுடனே குடுத்தாங்களா?"

"டாக்குத்தர் ஒரு சொல்லுச் சொன்னவர். முகாமிலை பெரியவன் கையெழுத்து வைச்சுத் தந்தவன். தவணை முடிய முடியப் புதுப்பிச்சும் தந்தவங்கள்."

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். நான் அதைப் பரிவு என்று எடுத்துக்கொண்டேன். அடித்ததைச் சொன்னேன். பல்லைக் காட்டினேன். பாஸைக் கிழித்து முகத்தில் எறிந்ததைச் சொன்னேன். கிழிந்த துண்டுகளில் ஒன்று பிள்ளையார் படத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அதைத் தம்பி மொழிபெயர்த்தாரோ தெரியாது.

கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

"ஜெர்மனிக்கு எப்படி வந்தீங்க? பாஸ் இருந்துச்சா?"

"பாஸோ? அதைத்தான் கிழிச்சுப்போட்டாங்களே தம்பி."

"அப்ப விமானத்துல எப்படி ஏறினீங்க?"

"பாஸ்போட்டிலை."

தம்பி என்னைப் பார்த்தார். "இப்பதானே கிழிச்சுட்டாங்கன்னு சொன்னீங்க?"

"கிழிச்சது பாஸ். வந்தது பாஸ்போட்டிலை."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க" என்று சொல்லி அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே எனக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். "இல்லைத் தம்பி, அது வேறை" என்று நான் தொடங்கினேன். அவர் ஏற்கனவே அதிகாரியின் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிவில், பதிந்ததைத் திருப்பித் தமிழில் சொல்லவேண்டும், பிழை இருந்தால் நான் சொல்லவேண்டும், அதற்குப் பிறகு கையெழுத்து. அதுதான் முறை. தம்பி முறையாகவே சொன்னார், கொஞ்சம் வேகமாக. ராணுவம் பாஸ் கொடுத்தது. பாஸைப் புதுப்பித்தது. பிறகு பாஸைக் கிழித்தது. பாஸோடு விமானத்தில் வந்தீர்கள். எங்கள் ஊரடங்குப் பாஸ் அவர் வாயில் போய்ப் பாஸ்போட்டாகி, டொச்சில் எழுதப்பட்டு, மறுபடி தமிழில் என் காதுக்கு வரும்போது பழையபடி பாஸாகவே வந்தது. நான் சொன்ன சொல்தானே என்று எனக்கு மனதுக்குள் நிம்மதி. பிள்ளையாரை நினைத்துக் கையெழுத்து வைத்தேன்.

மறுமொழி வந்த நாளில் அறைக்காரர் அதை வாங்கிப் படித்தார். அவருக்கும் முழுக்க விளங்கவில்லை. இரண்டு பேருமாகத் தேவாலயத்து அம்மாவிடம் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொல்ல, அறைக்காரர் எனக்குச் சொன்னார்.

"அண்ணை, உங்களை நம்ப ஏலாதாம்."

"ஏன்?"

"அரசாங்கம் பாஸ்போட் தந்ததாம், புதுப்பிச்சும் தந்ததாம். பேந்து அதே அரசாங்கம் அந்தப் பாஸ்போட்டைக் கிழிச்சதாம். கிழிஞ்ச பாஸ்போட்டிலை நீங்கள் பிளேன் ஏறி வந்தியளாம். முன்னுக்குப் பின் முரண். பொய்க் கதை எண்டு எழுதியிருக்கு."

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிறை என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பொய்யன் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த ஹைமில் பாடமாக்கிய கதை சொல்லாத ஆள் நான் ஒருவன்தான். இல்லாத தம்பியைச் சுட்டுக் கொடுத்திருந்தால் கதை நேராக நின்றிருக்கும்.

அறைக்காரருக்கு அதே மாரியில் அகதி அங்கீகாரம் கிடைத்தது. அவர் பாவம், எனக்கு முன்னால் சந்தோசப்படாமல் இருக்கப் பார்த்தார். வுப்பர்டாலில் வேலை கிடைத்துப் போகும்போது, நெருப்புப்பெட்டி ஒரு கட்டு வாங்கி என் படத்தடியில் வைத்துவிட்டுப் போனார். நான் அவரிடம் கோபிக்கவில்லை. கோபம் படத்தில் இருந்தவரிடம்தான். விளக்கு வைத்துவிட்டு, தேவாரம் சொல்லவேண்டிய நேரத்தில், "உமக்கும் ஆரும் மொழிபெயர்த்துத்தான் சொல்லுகினமோ?" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன்.

தேவாலயத்து அம்மா ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தார். மேல்முறையீடு போட்டோம். வழக்கறிஞர் அந்த ஸ்டுட்கார்ட் தம்பியைத் தேடிக் கேட்டார். நான் சொன்னதைச் சொன்னபடியே தான் மொழிபெயர்த்ததாகவும், திருப்பிச் சொன்னபோது நான் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்ததாகவும் அவர் மறுமொழி சொன்னார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

நீதிமன்றத்து டெர்மின் வருவதற்குள் காலம் இழுபட்டது. அந்தக் காலமெல்லாம் எனக்கு வேலை செய்ய உத்தரவில்லை, அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் உத்தரவில்லை. வேறு ஊருக்குப் போவதென்றால் வெளிநாட்டார் அலுவலகத்தில் ஒரு துண்டு எடுக்கவேண்டும். ஹைமில் எங்கள் ஆட்கள் அதற்கு என்ன பேர் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. "அண்ணை, வெள்ளிக்கிழமை டோர்ட்முண்டிலை ஒரு வீட்டிலை பூசையாம், பாஸ் எடுத்தனீங்களோ?" என்று கேட்பார்கள். ஆமிக்காரன் ஊரடங்குக்குத் தந்ததும் பாஸ். இங்கே பூசைக்குப் போகத் தந்ததும் பாஸ். நான் ஒருதரம் அலுவலகத்து யன்னலடியில் வாய் தவறி, "பஸ் வேணும்" என்று டொச்சில் கேட்டுவிட்டேன். அங்கே இருந்தவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். இவருக்குப் பாஸ்போட் வேணுமாம்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க வந்தவ எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண். ஜேர்மன்காரரைக் கலியாணம் செய்து பலகாலமாக இங்கே இருப்பவ. என்னைவிட வயது குறைவென்றாலும் அக்கா என்றே கூப்பிட்டேன். வழக்குத் தொடங்க முதல் நடையில் நின்று நான் பாஸ் கதையைத் தொடங்க, அவ பாதியிலேயே, "ஊரடங்குப் பாஸ்தானே அண்ணை? என்ரை மாமாவும் ஒண்டு வைச்சிருந்தவர்" என்றா. இவ்வளவு காலமும் நான் மல்லுக்கட்டியது இந்த ஒரு வரிக்குத்தான்.

உள்ளே அவ நீதிபதிக்கு விளங்கப்படுத்தினா. பாஸ்போட் வேறு, இது வேறு, இது ஊரடங்கில் ரோட்டால் போக விடுகிற துண்டு, டொச்சில் இதற்குப் பஸீர்ஷைன் என்று சொல் இருக்கிறது என்றா. நீதிபதி தலையாட்டினார். பஸீர்ஷைன். அந்தச் சொல் எல்லா நாளும் இங்கே இருந்திருக்கிறது. எனக்கும் அதற்கும் நடுவில் ஆள்தான் இல்லை.

நீதிபதி நல்லமாதிரிக் கேட்டார். முரண் தீர்ந்துவிட்டது, நீர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு விளங்குகிறது என்றார். அக்கா அதைத் தமிழில் சொன்னபோது நான் கதிரையில் இருந்தபடியே கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்க முதல் அவர் அடுத்ததையும் சொன்னார். முகாம் எனக்கு அந்தத் துண்டைத் தந்திருக்கிறது, புதுப்பித்திருக்கிறது. அப்படியென்றால் அவர்கள் என்னை எதிரியாக நினைக்கவில்லை. கிழித்ததும் அடித்ததும் சில சிப்பாய்களின் அட்டகாசம், அரசின் துன்புறுத்தல் என்று எடுக்க ஏலாது. அதற்குப் பிறகும் அரசு எனக்குப் பாஸ்போட் தந்து விமானம் ஏறவிட்டிருக்கிறது. ஆகையால் மனு தள்ளுபடி.

முதல்தரம் என்னை நம்பாமல் தள்ளினார்கள். இரண்டாந்தரம் நம்பித் தள்ளினார்கள்.

நடையில் அக்கா என் கையைப் பிடித்தா. "அண்ணை, சொல்லைத்தான் என்னாலை திருத்த ஏலும்" என்றா.

சண்டை நடக்கிற நாட்டுக்குத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று டுல்டுங் என்ற ஒரு துண்டைத் தந்தார்கள். பொறுத்துக்கொள்ளுகிறோம் என்று அர்த்தமாம். இருக்கலாம், ஆனால் யாரையும் கூப்பிட ஏலாது.

மனைவி கொழும்புக்கு வந்து நின்று எனக்குப் போன் எடுத்தா. நான் நடந்ததெல்லாம் சொன்னேன்.

"அப்ப நீங்கள் அவையளுக்கு என்னதான் சொன்னனீங்கள்?"

"உண்மையைத்தான் சொன்னனான்."

"உண்மையைச் சொல்லி எங்களை இங்கை விட்டிட்டியள். பொய்யை ஒழுங்காச் சொன்னவையின்ரை பெண்சாதிமார் எல்லாரும் போயிட்டினம்."

அவ அழுகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "கனடாவிலை இருக்கிற என்ரை அண்ணன் எங்கள் ரெண்டு பேருக்கும் ஸ்பொன்சர் போட்டவர். சரிவந்திட்டுது" என்றா. "உங்கடை பேரைச் சேர்க்க ஏலாதாம், ஜேர்மனியிலை கேஸ் போட்டவர் எண்டு. நாங்கள் முதலிலை போறம். பேந்து பாப்பம்."

பேந்து பாப்பம். நான் வெளிக்கிட்டபோது அவவுக்குச் சொன்னதை, கொஞ்சம் ஆற வைத்து அவ எனக்குத் திருப்பித் தந்தா.

விமானம் பிராங்பேர்ட்டில் இறங்கி மாறும் என்றா. அங்கே சில மணித்தியாலம் நிற்பார்களாம். அந்த ஒன்று போதும் எனக்கு. மறுநாளே வெளிநாட்டார் அலுவலகத்துக்கு ஓடினேன். இந்தமுறை பஸ் என்ற சொல்லே வாயில் வராமல், தேவாலயத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், அவரையே கேட்கவைத்தேன். பிராங்பேர்ட் போய்வர ஒரு நாளுக்கு உத்தரவு கிடைத்தது. அன்றைக்கு முழுக்க விரதம் இருந்தேன். பிள்ளையார் படத்தடி விபூதியைத் தாளில் மடித்து, மகளுக்கென்று ஒரு சொக்கலேற்றும் வாங்கிக் கோட்டுப் பையில் வைத்தேன். அதே பெரிய கோட்டுத்தான்.

விமானநிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர். மனைவியும் பிள்ளையும் உள்ளே, மாறிப் போகிற பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருதரம் பார்க்க விடுங்கோ என்று எனக்குத் தெரிந்த டொச்சில் கெஞ்சினேன். அவர் கையை நீட்டினார்.

"பஸ்?"

டுல்டுங்கை எடுத்துக் கொடுத்தேன். மாவட்டம் தாண்டி வர எடுத்த துண்டையும் கொடுத்தேன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக என் கையிலேயே வைத்தார். இது பஸ் இல்லை என்றார். பஸ் இருந்தாலும் விமானத்துக்குரிய போர்டிங் பாஸ் இல்லாமல் உள்ளே விட ஏலாது என்றார். அவர்களும் விசா இல்லாமல் வெளியே வர ஏலாது என்றார்.

ஒரு தூணோடு ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவாலே துடைப்பத் தடியும் வண்டிலுமாக ஒருவர் வெளியே வந்தார். பார்த்தவுடனே எங்கள் ஆள் என்று தெரிந்தது. ஓடிப்போனேன்.

"தம்பி, யாழ்ப்பாணமோ?"

"ஓம் அண்ணை. என்ன, ஆள் வந்து நிக்குதோ?"

சொன்னேன். விபூதித் தாளையும் சொக்கலேற்றையும் நீட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை. கழுத்தில் தொங்கிய படம் ஒட்டிய மட்டையைப் பிடித்துக் காட்டினார்.

"ஏலாதண்ணை. ஒண்டும் கொண்டுபோய்க் குடுக்கப்படாது. கண்டாங்கள் எண்டால் என்ரை பாஸைப் பறிச்சுப்போடுவாங்கள். எனக்கும் ரெண்டு பிள்ளையள்."

அவரிலும் பிழை சொல்ல ஏலாது. நான் கையை மடக்கிக்கொண்டேன். அவர் போக வெளிக்கிட்டு, திரும்பி நின்று, "பிள்ளை என்ன சட்டை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. என் மகள் அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. "தாய்க்கு இடது கன்னத்திலை மச்சம்" என்றேன்.

அவர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக்குள் மறைந்தார். திரும்பி வரக் கனநேரம் எடுத்தது. வந்தபோது நேரே என்னிடம் வராமல், தூணுக்குப் பக்கத்து நிலத்தைத் துடைக்கிறமாதிரித் துடைத்துக்கொண்டே வந்து, குனிந்தபடி சொன்னார்.

"கண்டனான் அண்ணை. மச்சம் இருக்கு. அக்கா கதிரையிலையே நித்திரை, களைச்சுப்போனா. பிள்ளை முழிச்சுக்கொண்டு யன்னலாலை பிளேன் பாக்குது. பச்சைச் சட்டை."

"நான் இங்கை நிக்கிறன் எண்டு சொன்னனீரோ?"

"அங்கை நிண்டு கதைக்க விடாங்கள் அண்ணை."

நான் விட்டுவந்தபோது அவள் வானின் சீற்றில் ஏற என்னைத்தான் தூக்கச் சொல்லுவாள்.

"பிள்ளை எவ்வளவு உயரம், தம்பி?"

அவர் துடைக்கிறதை நிறுத்தினார். துடைப்பத் தடியை நிமிர்த்தி நிலத்தில் ஊன்றி, விரலை மேலே மேலே கொண்டுபோய் ஓரிடத்தில் வைத்தார். கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினார்.

"இவ்வளவு."

பொலிஸ்காரர் எங்கள் பக்கம் பார்த்தார். தம்பி தடியைச் சரித்து மறுபடி துடைக்கத் தொடங்கினார். நான் என் கையை என் நெஞ்சில், அவர் விரல் நின்ற அந்த மட்டத்தில் வைத்தபடி ரயிலடிக்கு நடந்தேன். துண்டில் எழுதியிருந்த உத்தரவு அன்றைக்கு மட்டும்தான்.